“ஒருதடவை தெளிவா ‘பஸ்’னு சொன்னான், அப்புறம் சொல்லவே இல்லை”

மன்னார்குடி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தாய் நீளமாக எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

மகனுக்கு நாலேகால் வயது. சொல்வதெல்லாம் புரிகிறது. “கொல்லையில தாத்தா துண்டு காயுது, எடுத்துட்டு வா” என்றால் போய் சரியாக அதைத்தான் எடுத்து வருகிறான். வாயிலிருந்து வருவது மட்டும் “ம்மா”, “ஆ”, “ங்கா” என்று ஏழெட்டுச் சத்தம்தான். போன தீபாவளிக்கு டவுனுக்குப் போனபோது ரோட்டைப் பார்த்து “பஸ்” என்று சுத்தமாகச் சொன்னானாம். வீடே கூடிக் கொண்டாடியது. அதற்கப்புறம் எத்தனை தடவை கேட்டும் அந்தச் சொல் வரவில்லை. ‘கல்லுளிமங்கன், வேணும்னே பேச மாட்டேங்குறான்’ என்கிறார்கள். மாமியார் “குமரகுருபரரே அஞ்சு வயசு வரைக்கும் பேசலை, வரும்” என்று வசம்பைச் சுட்டு நாக்கில் தடவுகிறார். கணவர் சிங்கப்பூரில். தினமும் வீடியோ காலில் “அப்பா சொல்லு, அப்பா சொல்லு” என்கிறார், பையன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஓடிவிடுகிறான். ஒரு டாக்டர் ஆட்டிசமாக இருக்கலாம் என்றார். ஒரு மணி நேரம் பஸ் ஏறிப் போய்ப் பார்த்த ஸ்பீச் தெரபிஸ்ட் ‘அப்ராக்ஸியா’ (சொல் தெரிந்தும் வாயை அதற்கேற்ப அசைக்க வராத பேச்சுக் குறை) என்று எழுதி, ஊதல் ஊதவும் ஸ்ட்ராவில் உறிஞ்சவும் பழக்கச் சொல்லியிருக்கிறார். எல்கேஜி மிஸ், வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்கிறார். பள்ளி நிர்வாகம், வேறு பள்ளி பாருங்கள் என்கிறது. சென்னைக்குக் குடிபோய்விடலாமா, படம் காட்டிப் பழக்கினால் சோம்பேறியாகிவிடுவானா, மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கினால் முத்திரை விழுந்துவிடுமா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் தனியாக ஒரு வரி: “எம் புள்ள பேசுவானா?”

அன்புச் சகோதரிக்கு,

அந்தக் கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன், மற்ற கேள்வியெல்லாம் அதற்காகத்தானே. பிள்ளையைப் பார்க்காமல் ‘கண்டிப்பாகப் பேசிவிடுவான்’ என்று எழுதுவது தப்பு, எழுத மாட்டேன். ஆனால் நன்றாகப் புரிந்துகொள்கிற, காது சரியாகக் கேட்கிற, அப்ராக்ஸியா மட்டும் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் முறையான பயிற்சியில் பேச்சுக்கு வந்துவிடுகிறார்கள். இரண்டு மாதத்தில் முடிகிற காரியம் இல்லை, வருடக்கணக்கில் ஆகும். சிலருக்கு வளர்ந்த பிறகும் நீளமான சொற்களில் ஒரு தடுமாற்றம், பேச்சின் ஏற்ற இறக்கத்தில் லேசான வித்தியாசம் மிச்சம் இருக்கும். கொஞ்சம் பேருக்குப் பேச்சோடு கூடவே வேறு வழியும் நிரந்தரமாகத் தேவைப்படும். இதற்கு மாத்திரையோ டானிக்கோ கிடையாது. ‘மூளைக்கு நல்லது’ என்று யாராவது பாட்டிலை நீட்டினால் அந்தக் காசை பஸ் டிக்கெட்டுக்கு வையுங்கள்.

அந்த ‘பஸ்’ எங்கே போனது

ஒரு சொல்லைச் சொல்ல, உதடு, நாக்கு, தாடை, தொண்டை எல்லாம் எந்த வரிசையில், எவ்வளவு வேகத்தில் அசைய வேண்டும் என்று மூளை ஒரு திட்டம் போட்டு அனுப்புகிறது. நமக்கு இது நினைக்காமலே நடக்கிறது. உங்கள் மகனுக்கு இருப்பது அப்ராக்ஸியாதான் என்றால், சொல் அவன் மனதில் இருக்கிறது, தசைகளில் பலமும் இருக்கிறது, நடுவில் போட வேண்டிய அந்தத் திட்டம்தான் ஒழுங்காக அமைவதில்லை. அதனால் ஒரே சொல் ஒருமுறை ‘பத்’ என்றும் அடுத்தமுறை ‘அச்’ என்றும் அதற்கடுத்தமுறை வேறாகவும் வரும். உயிரெழுத்துகள்கூட மாறும். சொல் நீள நீளக் குழப்பம் கூடும். சொல்லப் போகும்போது வாய் இப்படியும் அப்படியும் போய்த் தேடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரம் பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேருக்கு இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள், பெண்களைவிட ஆண்பிள்ளைகளுக்கு அதிகம்.

அன்றைக்கு பஸ்ஸைப் பார்த்தபோது யாரும் அவனைச் சொல்லச் சொல்லவில்லை, தானாக வந்தது. அப்புறம் ஆறேழு பேர் சுற்றி நின்று அவன் வாயையே பார்த்துக்கொண்டு “சொல்லு, சொல்லு” என்றபோது வரவில்லை. இந்தப் பிள்ளைகளிடம் இது வழக்கமாக நடப்பதுதான். தன்னையறியாமல் வரும் சொல் கேட்டால் வராது, கேட்கிற வேகம் கூடக்கூட இன்னும் உள்ளே போய்விடும். அவன் அழுத்தக்காரன் இல்லை. போனைக் கவிழ்த்துவிட்டு ஓடுகிறானே, அப்பாவைப் பிடிக்காமல் ஓடவில்லை, தினமும் தோற்கிற ஒரு பரீட்சையிலிருந்து ஓடுகிறான்.

‘மாசமா இருந்தப்போ நான் போன் பார்த்ததாலயா, இவனுக்குப் போன் கொடுத்ததாலயா’ என்றும் ஒரு இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. சில பிள்ளைகளிடம் மரபணு மாற்றம் காரணமாகத் தெரிந்திருக்கிறது, எஃப்ஓஎக்ஸ்பி2 என்ற மரபணுவை ஒரு குடும்பத்தில் 2001இலேயே கண்டுபிடித்தார்கள். பலரிடம் காரணமே தெரிவதில்லை. போன் இதை உண்டாக்காது, ஆனால் போனோடு உட்கார்ந்திருக்கிற நேரம் முகம் பார்த்துப் பேசுகிற நேரத்தைத் தின்றுவிடும், அந்த அளவுக்குக் குறையுங்கள்.

முதலில் முடிக்க வேண்டியவை

கூப்பிட்டால் திரும்புகிறான் என்பதற்காகக் காது பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். ஒரு தடவை முறையாகப் பார்த்து ரிப்போர்ட்டைக் கையில் வையுங்கள், அது இல்லாமல் எந்தப் பயிற்சியும் அரைகுறைதான். தஞ்சாவூர், திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கேளுங்கள். 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி மாவட்ட அளவில் ஆரம்பகால இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. 18 வயது வரைக்குமான பிள்ளைகளுக்கு, பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். அங்கன்வாடிக்கு வந்து போகிற மருத்துவக் குழுவிடம் சொன்னால் அவர்களே எழுதி அனுப்புவார்கள்.

ஆட்டிசம் விஷயம். கண்ணைப் பார்க்கிறான், வேண்டியதைக் கையைப் பிடித்து இழுத்துக் காட்டுகிறான், அக்காவோடு கடை வைத்து விளையாடுகிறான் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பேச்சு வராததை மட்டும் வைத்து அந்த முடிவுக்கு வரக்கூடாது. ஆனால் ஆட்டிசமும் அப்ராக்ஸியாவும் சேர்ந்தும் வரும் என்பதால், குழந்தை வளர்ச்சியைப் பார்க்கிற டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுவதில் நஷ்டமில்லை. அப்ராக்ஸியா என்பதையும் ஸ்கேன் எடுத்துக் கண்டுபிடிப்பதில்லை, பெரும்பாலும் ஸ்கேன் சரியாகவே இருக்கும். பிள்ளை சொல்ல முயல்வதைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறோம். ஏழெட்டுச் சத்தம் மட்டும் இருக்கிற பிள்ளைக்கு ‘அப்ராக்ஸியா சந்தேகம்’ என்று எழுதி, சில மாதம் பயிற்சி கொடுத்துப் பார்த்து உறுதி செய்வதே நேர்மையான வழி. அதற்காகப் பயிற்சி காத்திருக்க வேண்டாம், ‘அஞ்சு வயசு வரைக்கும் பார்ப்போம்’ என்பதும் வேண்டாம். குமரகுருபரரின் வாயைத் திறந்தது முருகன் அருள் என்பார்கள். மற்ற பிள்ளைகளுக்கு அந்த ஒரு வருடம் பயிற்சிக்கு ரொம்ப நல்ல வருடம்.

மாமியாரிடம் சண்டை போடாதீர்கள். கூத்தனூர் சரஸ்வதிக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார் என்றால் அழைத்துப் போய் வாருங்கள், பிள்ளைக்கும் ஒரு வெளியூர்ப் பயணம். ஆனால் வசம்பை நிறுத்தியே ஆக வேண்டும். அதில் உள்ள ஆசரோன் என்ற பொருள் உடம்புக்கு ஆகாது, சின்னப் பிள்ளைகளுக்கு வாந்தி வரவழைக்கும், பேச்சுக்கு எந்தப் பலனும் இல்லை. ‘நாக்கு ஒட்டியிருக்கு, வெட்டிவிடணும்’ என்று யாராவது சொன்னாலும் அவசரப்படாதீர்கள். நாக்கை நீட்டி உதட்டை நக்குகிற, முறுக்கு கடித்துத் தின்கிற பிள்ளைக்கு நாக்கை வெட்டிப் பேச்சு வரப்போவதில்லை.

ஊதல் ஊதினால் பேச்சு வருமா

இதைச் சொன்னால் எங்கள் பேச்சுப் பயிற்சித் துறையிலேயே சிலருக்குக் கோபம் வரும், இருக்கட்டும். ஊதல், ஸ்ட்ரா, பலூன், நாக்கை மேலே கீழே ஆட்டுவது, இவையெல்லாம் பேச்சைக் கொண்டுவரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. உங்கள் பிள்ளைக்குக் குறை பலத்தில் இல்லையே. ஊதலை நன்றாக ஊதக் கற்றுக்கொள்வான், அவ்வளவுதான். தெரபிஸ்டை உடனே மாற்றச் சொல்லவில்லை. “சொற்களை வைத்தே பயிற்சி கொடுங்கள், வீட்டில் செய்ய எனக்கும் காட்டிக்கொடுங்கள்” என்று நேராகக் கேளுங்கள். சரி என்று உட்கார்ந்து காட்டுகிறவர் என்றால் தொடருங்கள். பிள்ளையை உள்ளே அழைத்துப் போய்க் கதவைச் சாத்திவிட்டு நாற்பது நிமிடம் கழித்து வெளியே அனுப்புகிறவர் என்றால் வேறு ஆளைத் தேடுங்கள். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேட்பதிலும் தயக்கம் வேண்டாம்.

தஞ்சாவூர்ப் பக்கத்து ஆளுக்குத் தவிலை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். புதிதாகப் பழகுகிற பையனுக்குச் சொற்கட்டு மனப்பாடம், கையிலும் வலு இருக்கிறது, ஆனாலும் விரல் போகாது. வாத்தியார் “வாசி, வாசி” என்று அதட்டிக்கொண்டே இருந்தால் நடக்காது. எதிரில் உட்கார்ந்து, காலத்தைக் குறைத்து, கூடவே வாசித்து, கை பழகப் பழகத் தன் கையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்வார். இந்தப் பிள்ளைகளுக்குப் பலன் தருகிற பேச்சுப் பயிற்சியும் அதே வரிசையில்தான் போகிறது.

வீட்டில் செய்வது இப்படி. ஐந்தாறு சொல்லுக்கு மேல் எடுக்காதீர்கள். அவனுக்கு உடனே வேலைக்கு ஆகிற சொற்களாக இருக்கட்டும்: வா, போ, தா, பால், அப்பா, வேணா. அ, ஆ வரிசையும் நிறங்களின் பெயரும் அப்புறம். அவன் கண்ணுக்கு நேராக, அவன் உயரத்துக்கு உட்காருங்கள். “என் வாயைப் பாரு” என்று சொல்லி, ‘வா…ஆ’ என்று இழுத்து, அவனோடு சேர்ந்து ஒரே நேரத்தில் சொல்லுங்கள். நன்றாக வர ஆரம்பித்ததும் நீங்கள் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசையுங்கள். அப்புறம் நீங்கள் முதலில் சொல்லி, அவன் பின்னால் சொல்லட்டும். அதற்கும் அப்புறம் இரண்டு மூன்று வினாடி இடைவெளி விட்டு. தடுமாறினால் ஒரு படி கீழே இறங்கிவிடுங்கள், திருத்திக்கொண்டே இருக்காதீர்கள். சொல் வர வர இழுப்பைக் குறைத்து, கூப்பிடுகிற வா, கெஞ்சுகிற வா, அதட்டுகிற வா என்று ராகத்தை மாற்றுங்கள், தட்டையான பேச்சு பழகிவிடாமல் இருக்க அது முக்கியம்.

எண்ணிக்கைதான் இதில் உயிர். ஒரு உட்காருதலில் ஐம்பது அறுபது தடவையாவது அவன் வாய் அந்தச் சொற்களைச் செய்ய வேண்டும். கேட்க மலைப்பாக இருக்கும். ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டை வைத்துக்கொள்ளுங்கள், பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று. ஒவ்வொரு தடவை முயன்றதும் ஒரு கொட்டையை ‘டொக்’ என்று போடட்டும். சரியாக வந்ததா என்று பார்க்காமல் முயன்றதற்கே போடலாம். பாட்டிலில் பாதி நிறைவதற்குள் பத்து நிமிடம் ஓடிவிடும். இப்படிப் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று தடவை. ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக ஒரு மணி நேரம் உட்காருவதைவிட இதுதான் கைகொடுக்கும். காய்ச்சல், தூக்கம், பசி என்றால் விட்டுவிடுங்கள்.

கணவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். வீடியோ காலில் “அப்பா சொல்லு” இனி கிடையாது. பையன் தன் சாமானைக் காட்டட்டும், அவர் அதைப் பற்றிப் பேசட்டும். மாடு கத்துகிற மாதிரி, பம்புசெட் ஓடுகிற மாதிரி சத்தம் போட்டு விளையாடட்டும். கேள்வி கேட்பது நின்ற பிறகு பையன் போன் முன்னால் எவ்வளவு நேரம் உட்காருகிறான் என்று பாருங்கள்.

படம் காட்டினால் சோம்பேறி ஆவானா

மாட்டான். படம், கை ஜாடை, பேசுகிற செயலி எதுவும் பேச்சைக் கெடுக்காது என்பதை ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன, சில பிள்ளைகளுக்குப் பேச்சு கூடியும் இருக்கிறது. வாயால் சொல்ல முடிகிற நாள் வந்தால் எந்தப் பிள்ளையும் அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு நிற்காது, வாய்தான் சுலபம். பையன் கடிக்கிறான், அடிக்கிறான் என்று எழுதியிருந்தீர்களே, சொல்ல முடியாத கோபம் அப்படித்தான் வெளியே வரும், சொல்ல ஒரு வழி கிடைத்தால் பெருமளவு குறையும்.

அவனுடைய சாமான்களையே போட்டோ எடுங்கள்: அவன் தட்டு, அவன் செருப்பு, தாத்தா, பால் டம்ளர், டாய்லெட். ஸ்டூடியோவில் லேமினேட் போட்டு வளையத்தில் கோத்து விடுங்கள். போன் வழி வேண்டுமென்றால் சென்னையில் உருவான ஆவாஸ் செயலியைத் தமிழிலேயே பயன்படுத்தலாம். இன்னொன்றும் அவசியம் சொல்ல வேண்டும்: பேசாத பிள்ளை தனக்கு யாராவது எதுவும் செய்தால் வந்து சொல்ல முடியாது. ‘வேணா’ என்பதற்குக் கையை நீட்டித் தடுக்கவும், வலிக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டவும், ‘அடிச்சாங்க’ என்பதற்கு ஒரு படமும் இப்போதே பழக்குங்கள்.

வீட்டில் தமிழையே பேசுங்கள். இரண்டு மொழி கேட்பதால் அப்ராக்ஸியா வராது, இருப்பது அதிகமாகவும் ஆகாது. ஆனால் பாட்டியும் தாத்தாவும் பேசாத மொழியை வீட்டில் திணித்தால் பிள்ளைக்குக் கிடைக்கிற பேச்சே பாதியாகிவிடும். மிஸ்ஸிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

பள்ளி, சான்றிதழ், சென்னை

பள்ளியிடம் முதலில் உதவியாகக் கேளுங்கள், உரிமையைக் கடைசியில் வையுங்கள். அட்டெண்டன்ஸுக்கு ‘எஸ் மிஸ்’ சொல்லாமல் கையைத் தூக்கட்டும். ரைம்ஸைத் தனியாக நிறுத்திச் சொல்லச் சொல்ல வேண்டாம், கூட்டத்தோடு பாடட்டும். கேள்விக்குப் படத்தைத் தொட்டுப் பதில் சொல்லட்டும். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் பாதி மிஸ்மார் செய்துவிடுவார்கள். அப்படியும் வெளியே போ என்றால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பாகுபாடில்லாமல் சேர்த்துக்கொள்ள அரசு முயல வேண்டும் என்று அதன் 16ஆம் பிரிவு சொல்கிறது. வாய்வழி மிரட்டலுக்குப் பதில் சொல்லாமல், ‘ஏன் சேர்க்கவில்லை என்று எழுதிக் கொடுங்கள்’ என்று கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் பேச்சு அங்கேயே மாறும். மாறாவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலகம், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இரண்டுக்கும் மனு. நான் வக்கீல் இல்லை, அதற்கு மேல் போக வேண்டியிருந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும். என் சொந்த அபிப்பிராயம்: பிள்ளையை வேண்டாத பள்ளியோடு மல்லுக்கு நிற்பதைவிட, பக்கத்து அரசுப் பள்ளியையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், பெயரைப் பதிந்து வையுங்கள். ஒன்றாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிப்பதில் இவனுக்குக் கூடுதல் சிரமம் வரலாம், அப்போது அவர்கள் உதவி தேவைப்படும்.

சான்றிதழ் என்றதும் ‘வாயில்லாப் பிள்ளை’ என்று எழுதிவிடுவார்கள் என்று பயப்படுகிறீர்கள். அந்தச் சட்டம் சொல்கிற 21 வகைகளில் பேச்சு, மொழிக் குறைபாடும் ஒன்று. உதவித்தொகை, சலுகைகளுக்குக் குறைபாடு 40 சதவீதமாவது இருக்க வேண்டும். நிலைமை மாறக்கூடிய சின்னப் பிள்ளைகளுக்குக் காலக்கெடு போட்டு தற்காலிகமாகத் தருவது உண்டு, பேச்சு வந்தால் புதுப்பிக்காமல் விட்டுவிடலாம். பயிற்சி தொடங்கவோ பள்ளியில் சேரவோ இந்தச் சான்றிதழ் கட்டாயமில்லை. அதனால் அவசரமும் வேண்டாம், பயமும் வேண்டாம், காது ரிப்போர்ட்டும் பேச்சு மதிப்பீடும் கைக்கு வந்த பிறகு யோசியுங்கள். சான்றிதழ் வாங்கினால் நாளைக்குக் கல்யாணம் தடைபடும் என்று மாமியார் இப்போதே கவலைப்படுகிறாரே, பையனுக்கு நாலு வயது!

சென்னை வேண்டாம் என்றே நினைக்கிறேன். அங்கே போனால் வாடகை, தனிமை. இங்கே இருக்கிற தாத்தா, பாட்டி, அக்கா, பெரிய கொல்லை எதுவும் இருக்காது. ஆரம்பத்தில் வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து தடவை பயிற்சி வேண்டும் என்பார்கள், உண்மைதான். அதை வாரம் ஒரு நாள் நேரில், ஒரு நாள் ஆன்லைனில், மிச்சத்தை வீட்டில் புளியங்கொட்டையோடு என்று பிரித்துக்கொள்ளலாம். பெரிய மதிப்பீடு ஒன்று வேண்டுமென்றால் முட்டுக்காட்டில் உள்ள தேசியப் பல்வகைக் குறைபாட்டு நிறுவனத்துக்கோ, 1965 முதல் இயங்குகிற மைசூர் பேச்சு, கேட்டல் நிறுவனத்துக்கோ ஒருமுறை போய், திட்டத்தை எழுதி வாங்கி வந்து இங்கே செய்யுங்கள். மைசூருக்குக் கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகவே ரயில் இருக்கிறது.

வந்துகொண்டிருந்த சத்தங்களும் குறைந்தால், வலிப்பு வந்தால், சாப்பிடும்போது அடிக்கடி புரையேறினால், எச்சில் ஓயாமல் வழிந்தால் இதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள், அது வேறு விஷயம். இல்லையென்றால் இன்றைக்கே அவன் போடுகிற சத்தங்களை ஐந்து நிமிடம் வீடியோ எடுத்துத் தேதியோடு வையுங்கள், மாதம் ஒன்று. மூன்று மாதம் கழித்து எந்தச் சொல் தானாக வருகிறது, எது உங்களோடு சேர்ந்தால்தான் வருகிறது என்று அந்த வீடியோக்களைத் தெரபிஸ்டோடு உட்கார்ந்து பாருங்கள். ஒன்றுமே நகரவில்லை என்றால், சொல்லையோ முறையையோ மாற்ற வேண்டும் என்று அவரிடம் கேட்கிற நேரம் அதுதான்.